தொட்டால் குளிக்க வேண்டிய வீடு

நோயாளியின் வாயையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறவர்களை எனக்குப் பிடிக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு உங்களுக்கும் எனக்கும் மனஸ்தாபம் வேண்டாம். மனவைத்தியம் பார்க்கிற நீங்கள் எல்லாரும் என்னைவிடப் படித்தவர்கள். இரண்டு நாற்காலியை எதிரெதிரே போட்டு, கதவைச் சாத்திவிட்டு, "மனசில் இருப்பதைச் சொல்லுங்கள்" என்கிறீர்கள். சொல்லத் தெரிந்தவள் உங்களிடம் எதற்கு வருகிறாள்? அடுத்த வீட்டுக்காரியிடம் சொல்லிவிட்டு நிம்மதியாகத் தூங்கியிருப்பாளே. வாய்க்கு வராததை உடம்பு தூக்கிக்கொண்டு திரிகிறது. அந்த உடம்பைப் பார்க்கத் தெரியாவிட்டால் நாற்காலி இரண்டும் வெறும் மரச்சாமான்தான்.

நான் நாகர்கோவில் பக்கத்துக்காரி, கிறிஸ்தவக் குடும்பம், வேதக்கோயில் பிள்ளை. மருத்துவச்சி வேலை படித்துவிட்டுத் திருவனந்தபுரம் வந்து, ஒரு லேடி டாக்டரிடம் சேர்ந்தேன். டாக்டரின் பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் கல்லறையிலிருந்து எழுந்து வந்து திட்டுவார், அவருக்குப் புகழ்ச்சி ஆகாது. மலையாளத்துக்காரர், என்னோடு பேசுவதற்காகவே தமிழ் கற்றுக்கொண்டார், கடைசிவரை அது பாதி மலையாளமாகவே இருந்தது. பிரசவக் கேஸ்களோடு, மற்ற டாக்டர்கள் 'நரம்புக் கேஸ்' என்று கைகழுவிவிடும் பெண்களும் அவரிடம்தான் வந்து சேர்வார்கள். காரணம் தெரியாத தலைவலி, மூச்சுமுட்டல், கைகால் இழுப்பு, பேய் பிடித்தது என்று சொல்லப்பட்டது, இப்படி.

ஒருமுறை ஒரு பள்ளிக்கூட டீச்சர் தலைவலி என்று வந்தாள். டாக்டர் தலையைத் தொடவே இல்லை. "கையை விரிச்சு மேசைமேலே வை" என்றார். அந்த அம்மாளால் ஐந்து விரலையும் முழுக்க விரிக்க முடியவில்லை. அவளுக்கே அன்றுதான் தெரிந்தது. பத்து நாள் டாக்டர் செய்த வைத்தியம் வெந்நீரில் கையை முக்கி, விரலை ஒவ்வொன்றாக விரிக்கப் பழக்கியது மட்டும்தான். பதினோராம் நாள் டீச்சர் தானாகப் பேசினாள். என்ன பேசினாள் என்பது உங்களுக்கு வேண்டாம். அன்று டாக்டர் என்னிடம் சொன்னார்: "சிஸ்டரே, கைகொண்டு பார்க்கணும். வாய்கொண்டு பார்க்காதே." அந்த ஒரு வாக்கியத்தை வைத்துக்கொண்டு முப்பது வருஷம் பிழைத்தேன்.

என் கைமேல் எனக்கு அப்படி ஒரு நம்பிக்கை. அந்தக் கை தோற்றுப்போன கதையைத்தான் இன்று சொல்லப்போகிறேன்.

கோவில் கதவுகள் எல்லாருக்கும் திறப்பதற்கு முந்தைய காலம். திருவனந்தபுரம் ஸ்ரீவராகத்தில் குளத்தை ஒட்டின அக்கிரகாரத் தெரு ஒன்றிலிருந்து டாக்டருக்கு ஆள் வந்தது. மருமகளுக்கு மூன்று மாதமாகச் சோறு இறங்கவில்லை. கஞ்சித்தண்ணீரும் மோரும்தான், அதுவும் அரை டம்ளர். பெயர் செல்லம், வயது பத்தொன்பது. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவள், தாய் இல்லாத பெண். டாக்டர் தொண்டைக்குள் விளக்கடித்துப் பார்த்தார். கட்டி இல்லை, புண் இல்லை. திரும்பி வரும்போது ஜட்கா வண்டியில் என்னிடம் சொன்னார்.

"தொண்டைக்கு ஒரு கேடும் இல்லை. அவள் தானே உள்ளேருந்து அடைச்சுப் பிடிச்சிருக்கா, அது அவளுக்கே அறியாது. ரெண்டு வாரம் நீ போய்ப் பாரு. அதுக்குள்ளே சோறு இறங்கலைன்னா குழாய் வச்சு ஊட்டணும், இல்லாட்டி செத்துப்போகும். குழாய் வைக்க ஆளும் ஏற்பாடும் பிராந்தாஸ்பத்திரியில் மட்டும்தான் உண்டு. நான் கடுதாசில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தே தீரணும்."

பிராந்து என்றால் இந்த ஊரில் பைத்தியம். அந்தக் காலத்தில் ஓர் அக்கிரகாரத்துப் பெண் பிராந்தாஸ்பத்திரிக்குள் போய்விட்டால், உயிர் பிழைத்தாலும் அந்தத் தெருவுக்குத் திரும்ப முடியாது. அவள் புருஷனுக்கு இரண்டாவது ஜாதகம் ஒன்று வந்து, பூஜை அலமாரியில் காத்திருந்தது. ஆக, சோறு இறங்காவிட்டால் உயிருக்கு மோசம், இறங்க வைப்பதற்குக் கொண்டுபோனால் வாழ்க்கைக்கு மோசம். எங்கள் கையில் இருந்தது பதினான்கு நாள். பதினான்காவது நாள் வெள்ளிக்கிழமை.

நான் வீட்டு முன்வாசலால் போக முடியாது. சந்து வழியாகப் பின்பக்கம் போனால் மாட்டுத்தொழுவம், அதன் பக்கத்தில் மூன்று கல்படி, படிக்கு எதிரே கிணறு. கிணற்றைச் சுற்றி ஆள் உயரத்துக்கு ஓலை மறைப்பு. அந்த மறைப்புக்குள்தான் குளிக்கிற இடமும். தொழுவத்துப் படிவரை எனக்கு அனுமதி. செல்லம் அங்கே வந்து உட்காருவாள்.

முதல் நாள் அவளைப் பார்த்தவுடன் எனக்குப் பாதி தெரிந்துவிட்டது, பெருமைக்குச் சொல்லவில்லை. தோள் இரண்டும் காதைத் தொடுகிற மாதிரி ஏறியிருந்தன. மூச்சு கழுத்தெலும்புக்குக் கீழே இறங்கவில்லை. இடது கை மார்புக்குக் குறுக்கே, எதையோ மறைக்கிற மாதிரி. புடவைக்குள் மார்பை ஒரு துணியால் இறுகக் கட்டியிருந்தாள். மருத்துவச்சிக்கு அந்தக் கட்டு தெரியாதா? பால் நிற்பதற்காகப் போடுகிற கட்டு அது.

"குழந்தை எங்கே?" என்றேன்.

சமையலறை வாசற்படியில் நின்றிருந்த மாமியார் சொன்னாள். கோமதி அம்மாள். ஐம்பது வயசிருக்கும், எப்போதும் முதுகு விறைப்பாக நிற்பாள், ஈரம் காயாத மடிப்புடவை.

"இருபதாம் நாள் போயிடுத்து, ஆண் குழந்தை. என்ன பண்றது? தீட்டு கழிஞ்சு அஞ்சாம் நாள் எம்பொண்ணுக்கு முகூர்த்தம். நிச்சயம் பண்ணின முகூர்த்தத்தை மாத்த முடியுமோ? பந்தக்கால் நட்டாச்சு. கல்யாண ஆத்துல கண்ணைக் கசக்கப்படாதுன்னு சொன்னேன். நான் மட்டுமா சொல்றேன், லோகமே சொல்றது. அவளும் சமத்தா அழவே இல்லை, கேட்டியா."

"பாலுக்கு என்ன செஞ்சீங்கம்மா?"

"மல்லிப்பூவை வச்சுக் கட்டினோம். பூவுக்கென்ன பஞ்சம், கல்யாணத்துக்குத் தோவாளையிலேர்ந்து கூடை கூடையா வந்துதே."

மல்லிகைப்பூவை மார்பில் வைத்துக் கட்டினால் பால் வற்றும் என்பது எங்கள் பக்கத்திலும் உள்ள வழக்கம்தான். அதில் தவறு இல்லை. ஆனால் ஒரே கூடையிலிருந்து நாத்தனாரின் சடைக்கும் இவளுடைய மார்புக்கும் பூ எடுத்திருக்கிறார்கள். பால் வற்றி இரண்டரை மாதம் ஆகியும் இந்தப் பெண் கட்டை அவிழ்க்கவில்லை. பேசினால் குரல் காட்டிக்கொடுத்துவிடும் என்று செல்லத்தின் முதுகில் கையை வைத்தேன். தோள்பட்டை இரண்டுக்கும் நடுவே வைத்து, "இங்கே மூச்சு வரட்டும் மக்ளே, என் கையைத் தள்ளு" என்றேன். இதுதான் எங்கள் வைத்தியத்தின் முதல் படி. கால் நிமிஷம்கூட ஆகியிருக்காது.

"தொட்டாச்சா?" என்று கோமதி அம்மாள் கேட்டாள். "சரி, போய்க் குளிச்சுட்டு வா."

அவள் கேட்டது என்னை அல்ல, குளிக்கச் சொன்னது செல்லத்தை. வேதக்காரி தொட்டுவிட்டாள், தலையோடு குளித்துவிட்டுத்தான் வீட்டுக்குள் வரவேண்டும். மூன்று நாளும் அதே கதை. நான் தொடுவேன், அவள் குளிப்பாள், நான் சந்து வழியாகத் திரும்புவேன். எத்தனையோ அக்கிரகார வீடுகளில் பிரசவம் பார்த்தவள்தான் நான், பிறகு அவர்கள் குளித்திருப்பார்கள், நான் பார்த்ததில்லை. இங்கே என் கண்ணெதிரே, சுடச்சுட. எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. வீட்டிலிருந்து கிளம்புமுன் சோப்பு போட்டு முழங்கைவரை தேய்த்துக் கழுவிக்கொண்டு வருகிற கை இது. எத்தனை பிள்ளைகளை இந்த உலகத்துக்குக் கொண்டுவந்த கை.

நாலாம் நாள் முதல் தொடுவதை நிறுத்திவிட்டேன்.

டாக்டரிடம் காரணம் சொன்னேன்: பெண் எலும்பும் தோலுமாக இருக்கிறாள், நான் தொடும்போதெல்லாம் பச்சைத்தண்ணீரில் தலைக்குக் குளித்தால் ஜன்னி கண்டுவிடும், அதனால் எட்டி இருந்தே பேசிப் பார்க்கிறேன். டாக்டர் தலையை ஆட்டினார். நான் சொன்னது பொய் இல்லை. ஆனால் உண்மையான காரணமும் அது இல்லை. இந்தத் தொழிலில் நம்மை ஏமாற்றுவது பெரும்பாலும் நாமேதான், அதுவும் இப்படி நோயாளியின் நன்மை என்ற பெயரில்தான். ஒரு முடிவுக்கு உங்களிடம் மிக நல்ல காரணம் இருந்தால், அதற்குப் பின்னால் வேறொன்று ஒளிந்திருக்கிறதா என்று பாருங்கள்.

ஐந்து நாள் இரண்டு கை தள்ளி உட்கார்ந்து பேசினேன். இப்போது நீங்கள் நாற்காலியில் செய்வதை நான் அன்று மாட்டுத்தொழுவத்தில் செய்தேன். "மனசுல உள்ளத சொல்லு மக்ளே" என்றேன். வேதத்திலிருந்துகூட இரண்டு வசனம் சொல்லிப் பார்த்தேன். அவள் மாட்டைப் பார்த்தாள், மாடு என்னைப் பார்த்தது. மோர் அரை டம்ளர் கால் டம்ளராகிவிட்டது. எட்டாம் நாள் அவளுக்குப் படி இறங்கவே சுவரைப் பிடிக்க வேண்டியிருந்தது. மாமனார் முன்கூடத்தில், வெள்ளிக்கிழமைக்கு வண்டி சொல்லிவிட்டதாக யாரிடமோ பேசுவது பின்பக்கம்வரை கேட்டது. அவர் பென்ஷன் வாங்கின உத்தியோகஸ்தர், எதையும் முன்கூட்டியே ஏற்பாடு செய்கிறவர்.

ஒன்பதாம் நாள் செல்லம் கடைசிப் படியில் இடறினாள். நான் யோசிக்கவில்லை, பாய்ந்து பிடித்துவிட்டேன். இரண்டு கையாலும். ஒரு கோழிக்குஞ்சின் கனம்தான் இருந்தாள்.

கோமதி அம்மாள் உள்ளேயிருந்து பெருமூச்சு விட்டாள். "போ, குளிச்சுட்டு வா."

அப்போதுதான் செல்லத்தின் கால் என் கண்ணில் பட்டது. சுவரைப் பிடித்துப் பிடித்து வந்த பெண், கிணற்றடிக்கு விறுவிறுவென்று போனாள். பாதம் முழுக்கத் தரையில் பதிந்து போனாள். ஓலைக்கதவு சாத்தியது. செம்பால் மொண்டு ஊற்றும் சத்தம் கேட்டது. வேகவேகமாக, ஒன்றின்மேல் ஒன்றாக. காதைக் கொடுத்துக் கேட்டேன். தண்ணீர்ச் சத்தத்துக்கு அடியில் இன்னொரு சத்தம். பூனைக்குட்டி முனகுவதுபோல. செம்பு ஓயும்போது அதுவும் ஓயும், செம்பு ஊற்றும்போது அதுவும் தொடங்கும்.

அரை நாழிகை கழித்து ஈரத்துணியோடு வெளியே வந்தாள். கண் சிவந்திருந்தது, குளித்தால் சிவக்கத்தானே செய்யும், யார் கேட்கப்போகிறார்கள்? ஏறியிருந்த தோள் இரண்டு விரற்கடை இறங்கியிருந்தது. மாமியாரிடம் கஞ்சி கேட்டாள். மூன்று மாதத்தில் அவளாகக் கேட்டது அதுதான் முதல் தடவையாம்.

எனக்கு நெற்றியில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. முதல் மூன்று நாளும் நான் போன பிறகு அவள் அரை டம்ளர் குடித்ததும், தொடாமலிருந்த ஐந்து நாளில் அது பாதியாகக் குறைந்ததும் அப்போதுதான் புரிந்தது. அந்த வீட்டையும் தெருவையும் நினைத்துப் பாருங்கள். விடியற்காலையில் குளத்துக்குப் போனால் தெருப் பெண்கள் அத்தனை பேரும் அங்கே. சமையலறையில் மாமியார். கூடத்தில் மாமனார். ராத்திரி புருஷன். ஒரு மருமகள் தனியாக இருந்து அழுவதற்கு அந்தத் தெருவில் ஓர் அங்குலம் இடம் கிடையாது. ஆனால் தீட்டுப்பட்டவளை யாரும் நெருங்க மாட்டார்கள். அவள் குளித்து முடிக்கும்வரை அந்தக் கிணற்றடி அவளுடையது. நான் அவமானம் என்று நினைத்துத் தராமல் வைத்திருந்தேனே, அதுதான் அவளுக்கு மருந்து. என் ரோஷத்துக்காக ஐந்து நாள் அந்தப் பெண்ணை அழவிடாமல் பட்டினி போட்டிருக்கிறேன்.

பத்தாம் நாள் செல்லம் அதே படியில் மறுபடியும் இடறினாள். அந்தப் படியில் இடறுவதற்கு ஒன்றுமே இல்லை, நான் முன்பே பார்த்துவைத்திருந்தேன். விழும்போது கையை நீட்டி என் பக்கமாக விழுந்தாள். பிடித்தேன். நான் அவளைப் பார்த்தேன், அவள் என்னைப் பார்த்தாள்.

அன்று கோமதி அம்மாளிடம் கூசாமல் ஒரு பொய் சொன்னேன். "காலையில ஒருக்க, சாயங்காலம் ஒருக்க தொட்டுப் பார்க்கணும்னு டாக்டரம்மா சொல்லியிருக்காங்க. ஒரு தவலை வெந்நீர் மட்டும் போட்டு வச்சிருங்கம்மா, ஜன்னி வந்திரப்பிடாது."

"ரெண்டு வேளையுமா?" என்றாள் கோமதி அம்மாள். என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு உள்ளே போய் அடுப்பில் தவலையை ஏற்றினாள்.

செல்லத்திடம் ஒரே ஒரு நிபந்தனை போட்டேன். "உள்ளே நீ என்ன வேணும்னாலும் செய்துக்க மக்ளே. ஆனா தண்ணி ஊத்துற சத்தம் எனக்குக் கேட்டுக்கிட்டே இருக்கணும்." அவள் தலையை ஆட்டினாள். மூன்று நாள் அப்படியே நடந்தது. கஞ்சித்தண்ணீர் கஞ்சியானது, கஞ்சி முழு டம்ளரானது. ஆனால் சோறு இறங்கவில்லை. ஒரு பருக்கை வாயில் போனாலும் தொண்டை மூடிக்கொண்டது. எனக்குத் தெரியும், இன்னும் ஒரு கட்டு அவிழ வேண்டியிருக்கிறது.

வெள்ளிக்கிழமை வந்தது. முன்வாசலில் ஜட்கா நின்றது. டாக்டர் பதினோரு மணிக்குக் கடுதாசோடு வருவதாக ஏற்பாடு. புருஷன் நீலகண்டன் அன்று ஆபீசுக்கு லீவு போட்டிருந்தான், நல்ல பையன், ஆனால் அப்பா முன்னால் வாய் திறக்காதவன். செல்லத்தின் துணிமணிகளை ஒரு டிரங்குப் பெட்டியில் வைத்துவிட்டார்கள். அவள் தொழுவத்துப் படிக்கு வந்தபோது தோள் மறுபடியும் காதுக்கு ஏறியிருந்தது.

நான் அன்று முதுகைத் தொடவில்லை. மார்பில் அந்தத் துணிக்கட்டின்மேல் கையை வைத்தேன். "இது எதுக்கு இன்னும்? பால் நின்னு எத்தனை நாளாச்சு. இன்னைக்கு அவுத்துப் போட்டுட்டுக் குளி. கல்யாணம் முடிஞ்சாச்சு மக்ளே. பந்தலையும் பிரிச்சாச்சு."

அவள் என்னையே பார்த்தாள். அந்த வீட்டில் யாரும் அவளுக்கு அதைச் சொல்லியிருக்கவில்லை. அழக்கூடாது என்று உத்தரவு போட்டவர்கள், உத்தரவு முடிந்தது என்று சொல்ல மறந்துவிட்டார்கள்.

உள்ளே போனாள். செம்புச் சத்தம் கேட்டது. நாலு செம்பு, ஐந்து செம்பு. பிறகு சத்தம் நின்றது. நான் எழுந்து நின்றேன்.

அப்புறம் ஒரு அலறல். நான் எத்தனையோ பிரசவ அறைகளில் கேட்ட அலறல் அது, வேறெங்கும் கேட்டதில்லை. தொழுவத்து மாடு துள்ளி எழுந்தது. அடுத்த வீட்டுக் கொல்லைகளில் தலைகள் தெரிந்தன. மாமனாரும் நீலகண்டனும் ஓடி வந்தார்கள்.

"முத்திடுத்து, பாத்தியா? கூட்டிண்டு வா வெளியே. வண்டி நிக்கறது," என்றார் மாமனார்.

நான் ஓலைக்கதவுக்குக் குறுக்கே போய் நின்றுகொண்டேன்.

"வழியை விடு."

"விடலாம் சாமி. ஆனா என்னைத் தொடாம உள்ளே போக வழியில்ல. தொட்டா நீங்க குளிக்கணும். குளிக்கிற இடத்துல அவ இருக்கா."

அவர் வாய் திறந்தபடி நின்றுவிட்டார். இன்று நினைத்தாலும் எனக்குச் சிரிப்பு வரும், அன்று வரவில்லை. அவர் மகனைப் பார்த்தார், மகன் தரையைப் பார்த்தான். அப்போது சமையலறை வாசலிலிருந்து கோமதி அம்மாளின் குரல் வந்தது.

"அவ சொல்றது வாஸ்தவம். உள்ளே இருக்கறவ தீட்டோட இருக்கா. யாரும் கிட்டப் போகப்படாது. குளிச்சு முடிச்சு வரட்டும்."

அந்த வீட்டில் மடி விஷயத்தில் அவள் சொல்லுக்கு மேல் சொல் கிடையாது. ஆண்கள் இரண்டு பேரும் படிவரை பின்வாங்கினார்கள்.

அலறல் அழுகையானது. அழுகை நீண்டது. பிறகு அதுவும் நின்றது. செம்புச் சத்தமும் இல்லை.

இப்போது உங்களிடம் உண்மையைச் சொல்ல வேண்டும். அதுவரை எனக்கு என்மேல் ஒரு சந்தேகமும் இருக்கவில்லை. அந்த நிசப்தத்தில்தான் எனக்குக் கிணறு ஞாபகம் வந்தது. மறைப்புக்குள்ளே கிணறு. இடுப்பளவு கைப்பிடிச்சுவர். பதினான்கு நாளாக அதற்கு எதிரே உட்கார்ந்திருந்தேன், அதைத் தண்ணீர் இருக்கும் இடமாக மட்டுமே பார்த்திருந்தேன். உள்ளே போனால் மூன்று மாதத்துக்குப் பிறகு திறந்த தொண்டை என்னைக் கண்டு மறுபடி மூடிக்கொள்ளலாம். போகாவிட்டால் என்ன ஆகும் என்பதை நினைக்கவே முடியவில்லை. என் கை ஓலைக்கதவில் இருந்தது. பெரிதாக ஏதாவது விழுந்திருந்தால் சத்தம் கேட்டிருக்கும், கேட்கவில்லை, இதை மட்டும் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டேன். கதவைத் தள்ளப் போன நேரத்தில் தவலையில் செம்பு இடிக்கும் சத்தம் கேட்டது. தண்ணீர் விழுந்தது. மெதுவாக, நிதானமாக, சாதாரணமாக ஒரு பெண் குளிக்கிற சத்தம்.

செல்லம் வெளியே வந்தபோது டாக்டரும் வந்து படியருகே நின்றிருந்தார். அவள் யாரையும் பார்க்கவில்லை. நேரே சமையலறை வாசலுக்குப் போய், "பசிக்கறது, அம்மா" என்றாள். கோமதி அம்மாள் மோர்சாதம் பிசைந்து இலையில் வைத்தாள். அத்தனை பேரும் நின்று பார்த்தோம், கூச்சமே இல்லாமல். முதல் கவளத்துக்குக் கொஞ்சம் தடுமாறினாள். கழுத்து அசைந்தது. இறங்கிவிட்டது. இரண்டாவது, மூன்றாவது. டாக்டர் கையிலிருந்த கடுதாசை நாலாக மடித்துப் பைக்குள் போட்டார். "மதி, போதும். இன்னைக்கு வண்டி வேண்டா" என்றார்.

திரும்பும்போது அதே ஜட்காவில் நானும் டாக்டரும். எனக்குப் பாராட்டு கிடைக்கும் என்று காத்திருந்தேன். வண்டி கிழக்கேகோட்டை தாண்டியது. பிறகு கேட்டார்: "அந்தக் கிணறு உன் கண்ணில் எப்போ பட்டது, சிஸ்டர்?"

"இன்னைக்கு," என்றேன்.

"அப்போ இன்னைக்கு ஜெயிச்சது நீ அல்ல. உன் வைத்தியம் சரி. உன் அதிர்ஷ்டமும் சரியா இருந்துது. ரெண்டையும் போட்டுக் குழப்பாதே. நாளைக்குப் போய் அந்தக் கிணத்துக்கு முதல்ல ஒரு பலகை போடச் சொல்லு."

கோபம் வந்தது. வீட்டுக்குப் போய்ச் சேர்வதற்குள் அந்தக் கோபம் அடங்கிவிட்டது. மறுநாள் போய்ப் பலகை போடச் சொன்னேன். மாடு கன்று விழுந்துவிடும் என்று ஒரு காரணம் சொன்னேன்.

அதன்பிறகு ஒரு மாதம் போய்வந்தேன். செல்லம் சமையலறைக்குத் திரும்பினாள். தோள் அதன் இடத்துக்கு வந்தது. குழந்தையைப் பற்றி என்னிடம் இரண்டு முறை பேசினாள், கொஞ்சமாக, மாவு ஆட்டிக்கொண்டே. தலையில் கனகாம்பரம் வைத்துக்கொள்வாள். மல்லிகை வைப்பதில்லை, நானும் கேட்கவில்லை. பூஜை அலமாரியிலிருந்த ஜாதகம் திரும்பிப் போயிற்று.

கடைசி நாள் நான் விடைபெற்றுக்கொண்டு சந்துக்குத் திரும்பும்போது, பின்னால் யாரோ வருவது தெரிந்தது. கோமதி அம்மாள். அவள் தொழுவத்தைத் தாண்டி வந்து நான் பார்த்ததே இல்லை. திரும்பி வீட்டைப் பார்த்தாள், மாமனார் முன்கூடத்தில் தூங்கிக்கொண்டிருந்தார். அந்த விறைத்த முதுகோடு எனக்கு எதிரே நின்றாள்.

"எனக்கு நாலு போச்சு," என்றாள். "ரெண்டு ஆண், ரெண்டு பொண்ணு. ஒவ்வொரு தரமும் ஆத்துல ஏதாவது ஒரு விசேஷம்."

அவள் கையை நீட்டினாள். "என்னையும் ஒரு தரம் தொட்டுட்டுப் போம்மா."

அந்தக் கையை எடுத்து என் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டேன். எவ்வளவு நேரம் என்று கணக்கில்லை. பிறகு அவளே கையை இழுத்துக்கொண்டு, வீட்டுக்குள் கேட்கும்படி உரக்கச் சொன்னாள்: "அடடா, நர்ஸ் மேலே பட்டுட்டாளே. செல்லம், நான் குளிக்கணும். இந்தப் பக்கம் யாரும் வராம பாத்துக்கோ."

செல்லம் சமையலறை வாசலுக்கு வந்தாள். மாமியாரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். உள்ளே போய் அடுப்பில் தவலையை ஏற்றினாள்.

நான் போகவில்லை. ஓலை மறைப்பின் இடுக்கு வழியாக எட்டி, கிணற்றின்மேல் பலகை இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டேன். இருந்தது. தொழுவத்துப் படிக்குத் திரும்பி வந்து, செம்புச் சத்தம் ஓயும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.